கூட்டெருவை யார் சுமப்பது?

கூட்டெரு, அதாவது இலைதழையும் சாணியும் குவித்து உக்க வைத்த எரு, என்று வாயைத் திறந்தாலே இப்போது எங்கள் பக்கத்தில் சிரிக்கிறார்கள். நுவரெலியாச் சந்தையில் லீக்ஸ் கட்டு ஏற்றிக்கொண்டிருந்த பையன் ஒருவனிடம், கழித்துப் போட்ட இலைதழையை வீசாமல் குவித்து வைக்கச் சொன்னேன். "நாட்டையே கவுத்த பசளையா தாத்தா?" என்றான். சுற்றி நின்றவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. 2021இல் அவன் அப்பா போட்ட உருளைக்கிழங்கு என்ன கதியானது என்று எனக்குத் தெரியும். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு மனதை விட்டுப் போகவில்லை. 2021இல் அரசாங்கம் போட்ட இரசாயனப் பசளைத் தடையைப் பற்றி இந்த நாட்டில் இரண்டு பேச்சுத்தான் உண்டு. இரசாயனம் இல்லாத சேதன விவசாயம் என்பதே பைத்தியக்காரத்தனம் என்பது ஒன்று. சந்தையிலும் பஸ்ஸிலும் இதைக் கேட்கலாம். எண்ணம் நல்லதுதான், அவசரப்பட்டுவிட்டார்கள் என்பது மற்றது. படித்தவர்கள் சொல்வது இது, கொழும்பில் இருக்கும் என் மகன் உட்பட. கூட்டெரு கிளறியே சம்பளம் வாங்கி, அந்தச் சம்பளத்தில் பிள்ளை வளர்த்து, இப்போது பென்ஷனும் வாங்குகிறவன் நான். எனக்கு இந்த இரண்டு பேச்சுமே சரியாகப் படவில்லை. ஏன் என்று யோசித்தால், கடைசியில் என் மனைவி ஒருநாள் கேட்ட கேள்வியில்தான் போய் நிற்கிறது.

நான் வேலை பார்த்தது ஹக்கலைப் பூங்காவில். நுவரெலியாவிலிருந்து வெலிமடைப் பக்கம் போகிற பாதையில், சீத்தையம்மன் கோவிலைத் தாண்டினால் வரும். 1861இல் வெள்ளைக்காரன் சிங்கோனா வளர்க்கத் திறந்த இடம். மலேரியாக் காய்ச்சலுக்குக் குயினைன் எடுக்கிற மரம் அது. பிறகு ரோஜாவும் பன்னமும் பெயர் வாங்கிக்கொடுத்தன. ஏப்ரல் சீசனுக்குச் சனம் வந்து குவியும்போது ரோஜா பூத்திருக்க வேண்டும் என்றால் பெப்ரவரியிலேயே கத்தரிக்க வேண்டும். கத்தரித்த கொப்பு, உதிர்ந்த இலை, வெட்டிய புல், எல்லாம் பின்பக்கத்துக் குவியலுக்குப் போகும். சைப்பிரஸ் இலையை மட்டும் சேர்க்க விடமாட்டேன், அது லேசில் உக்காது. எங்கள் குளிரில் குவியல் சூடேறுவதே பெரிய காரியம். நடுவில் ஒரு கம்பியைச் செருகி வைத்து, மறுநாள் காலையில் உருவிக் கையில் பிடித்துப் பார்ப்பேன். பிடிக்க முடியாத சூடு என்றால் உள்ளே வேலை நடக்கிறது. வெதுவெதுப்பு என்றால் புரட்டிப் போட்டு, கொஞ்சம் சாணித் தண்ணீர் தெளிக்க வேண்டும். கம்பி ஜில்லென்று வந்தால் யாரோ சோம்பேறி ஈரத்தைக் கவனிக்காமல் விட்டிருக்கிறான் என்று அர்த்தம். கீழ்நாட்டில் மூன்று மாதத்தில் ஆகிற எரு எங்களுக்கு அதைவிட நிறைய நாள் இழுக்கும். கடைசியில் கையில் அள்ளினால் மழை பெய்த காட்டு மண்ணின் வாசம் வரும், சாணி வாசமே இருக்காது. இதைச் செய்யத் தெரிந்தவன் என்பதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்கவில்லை.

அதனால்தான் 2021 ஏப்ரல் கடைசியில் ஜனாதிபதி கோட்டாபய இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தப் போகிறார் என்ற செய்தி வந்ததும், லயத்துச் சனம், அதாவது எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளில் இருக்கிறவர்கள், நேரே என்னிடம் வந்தது. "அண்ணே, உங்க காலம் வந்திருச்சு" என்றார்கள். மகன் கொழும்பிலிருந்து போன் பண்ணி, "அப்பா, நீங்க சொல்றதைத்தான் கவர்மென்ட் செய்யுது" என்றான். அவனுக்குப் புறக்கோட்டையில் ஒரு கடையில் கணக்கு வேலை. பத்திரிகை எல்லாம் வாசிப்பான். 2019 தேர்தல் அறிக்கையிலேயே சேதன விவசாயம் இருந்தது, ஆனால் அங்கே சொன்னது பத்து வருஷத்தில் படிப்படியாக என்று. அது மே 6ஆம் திகதி வர்த்தமானியில் ஒரே நாளில் வந்து இறங்கியது. பசளை மட்டுமல்ல, களைநாசினி, பீடைநாசினி எல்லாம் சேர்த்து. வடமத்திய மாகாணத்தில் விவசாயிகளைத் தின்றுகொண்டிருக்கும் சிறுநீரக நோயைக் காரணமாகச் சொன்னார்கள். ராஜாக்கள் காலத்தில் யூரியா இல்லாமலே நாடு செழித்தது என்றார்கள். கையில் டொலர் தீர்ந்துகொண்டிருந்தது என்பதை மட்டும் மெதுவாகச் சொன்னார்கள். ஆண்டுக்கு 40 கோடி டொலர் பசளைக்குப் போகிறது என்பதுதான் உண்மையான அவசரம் என்று எனக்கு அன்றைக்கே தோன்றியது. ஆனால் நான் ஆதரித்தும் பேசவில்லை, எதிர்த்தும் பேசவில்லை. கேட்டவர்களுக்குக் குவியல் போடச் சொல்லிக்கொடுத்தேன், அவ்வளவுதான்.

சனசமூக நிலையத்தில் ஒரு செயல்முறை வகுப்பு வைத்தார்கள். அதிகாரிகள் இரண்டு பேர் வந்தார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். நான் பாத்தி அளவுக்குக் குழி எடுத்து, காய்ந்தது ஒரு தட்டு, பச்சை ஒரு தட்டு, சாணி ஒரு தட்டு என்று அடுக்கிக் காட்டினேன். எல்லாரும் கைதட்டினார்கள். டீயும் பணிஸும் கொடுத்தார்கள். தேயிலைக் கொழுந்து கிள்ளுகிற மலையிலிருந்து வந்து, இடுப்பில் கட்டிய படங்குச் சாக்கைக்கூடக் கழற்றாமல் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தாள் என் மனைவி. வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்ற வைத்துக்கொண்டே கேட்டாள்: "எல்லாஞ் சரிங்க. மேல நாலாம் நம்பர் மலைக்கு இந்தக் குப்பையை யாரு சொமப்பா?"

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. எங்கள் தோட்டத்தின் நாலாம் நம்பர் தேயிலை மலைக்கு ரோட்டே கிடையாது. படி வெட்டிய ஒற்றையடிப் பாதைதான், மழைக்கு அட்டை பிடுங்கும். பசளை போடுகிற நாளில் ஆம்பிளைகள் மூட்டையை மேலே கொண்டு சேர்ப்பார்கள், பிறகு பொம்பிளைகள் வாளியில் அள்ளிக் கொத்துக்கொத்தாகத் தூர்களுக்குப் போடுவார்கள். அது யூரியா. அவள் கேட்டது அதற்குப் பதிலாக இது போனால் என்ன என்பது.

கலண்டர் தாளைக் கிழித்துப் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். 50 கிலோ மூட்டையில் 23 கிலோ. நான் செய்கிற நல்ல கூட்டெருவில், ஈரத்தோடு நிறுத்தால், நூற்றுக்கு ஒரு பங்கு இருந்தாலே சந்தோஷம். அந்த 23 கிலோவுக்கு 2,300 கிலோ எரு வேண்டும். தலைக்கு 25 கிலோ வைத்தாலும் தொண்ணூறு நடைக்கு மேல். ஒரு மூட்டைக்குப் பதிலாக இது. ஒரு ஏக்கர் தேயிலைக்கு வருஷத்துக்கு ஒரு மூட்டை காணாது. இதில் இன்னொன்றும் உண்டு. யூரியா போட்டால் சில வாரத்தில் செடி எடுத்துக்கொள்ளும், எருவில் இருப்பதை மண் தன் இஷ்டத்துக்குத்தான் விடும். முதல் வருஷத்தில் பாதிகூடக் கிடைக்காது. தாளை அவளிடம் காட்டினேன். அவளுக்கு அந்தக் கணக்கு ஒன்றும் புதிதாகத் தெரியவில்லை. "அதத்தான் சொல்றேன்" என்றுவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டாள்.

கேட்டைத் தாண்டாத இலை

அன்றைக்கு இரவு படுத்துக்கொண்டு யோசித்ததுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். ஹக்கலையில் என் எரு ஏன் போதுமாக இருந்தது? நான் கெட்டிக்காரன் என்பதாலா? இல்லை. பூங்காவில் எதுவுமே வெளியே போவதில்லை. ரோஜாவைச் சனம் பார்த்துவிட்டுப் போகும், படம் எடுத்துக்கொள்ளும். பூ அங்கேயே உதிரும், கொப்பு அங்கேயே குவியலுக்கு வரும். மண்ணிலிருந்து போனது மண்ணுக்கே திரும்பும். குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் என் வீட்டுத்தோட்டமும் அப்படித்தான். கீரையைத் தின்கிறோம், தோலும் காம்பும் குழிக்குப் போகிறது.

தேயிலையில் இலையேதான் பயிர். பழத்தைப் பறித்துக்கொண்டு செடியை விட்டுவிடுகிற சங்கதி இல்லை. செடி முளைக்க முளைக்க அதன் கொழுந்தை, அதாவது அதில் நைதரசன் கூடுதலாக இருக்கிற பாகத்தை, வாரம் தவறாமல் கிள்ளி எடுக்கிறோம். காய்ந்த தேயிலை 100 கிலோவில் ஏறக்குறைய 4 கிலோ நைதரசன் இருக்கும். அது பெக்டரிக்குப் போய், கொழும்பு ஏலத்துக்குப் போய், ஈராக்குக்கும் ரஷ்யாவுக்கும் துருக்கிக்கும் போகிறது. எதுவும் திரும்பி மலைக்கு வருவதில்லை. நூற்றைம்பது வருஷமாக மலையைக் கப்பலில் ஏற்றிக்கொண்டிருக்கிறோம். போனதை ஈடுகட்ட ஏதாவது வெளியிலிருந்து வந்தே ஆகவேண்டும். எருவாக வந்தால் நல்லதுதான், ஆனால் அத்தனை இலை தழைக்கும் சாணிக்கும் எங்கே போவது? லயத்துக்குப் பின்னால் யாரோ ஒருவர் வளர்க்கிற ஒற்றை மாட்டின் சாணியா?

இதைப் போனில் மகனிடம் சொன்னபோது, "அதுக்குத்தான் அப்பா, மெதுவா செஞ்சிருக்கணும்" என்றான். மெதுவாகச் செய்தாலும் அதே 2,300 கிலோதான், அதே பாதைதான் என்றேன். பத்து வருஷம் கொடுத்தால் ரோடு போட்டிருக்கலாம், நிழல் மரத்துக்கும் மண்மூடிப் பயிருக்கும் இடம் விட்டிருக்கலாம், பசளையைப் பாதியாகக் குறைத்திருக்கலாம். அதெல்லாம் சரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பத்து வருஷம் என்று எழுதினவர்களும், ஒரு நாள் என்று எழுதினவர்களும் ஒரே ஆட்கள்தானே? முடிவெடுத்த அந்த அறையில் கொழுந்துக் கூடை சுமந்தவர் ஒருவர்கூட இல்லை என்பதுதான் என் வழக்கு. வேகத்தைப் பற்றிப் பேச்சு வந்தால் இது மறைந்துவிடுகிறது.

அரைப்பேர்

வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு ஒரு பேர். தொரை, அதாவது தோட்ட மனேஜர், வைத்திருக்கும் கிலோக் கணக்குக்குக் கொழுந்து எடுக்காவிட்டால் அரைப்பேர், பாதிச் சம்பளம். 2021 மார்ச் மாதம்தான், எத்தனையோ வருஷம் கத்தி, நாள் சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்திருந்தது. அடிப்படை 900, மேலே 100. எங்கள் லயத்தில் பட்டாசு கொளுத்தினார்கள். கம்பெனி சும்மா இருக்குமா? கிலோவைக் கூட்டியது. 1,000 வேண்டுமென்றால் 20 கிலோ கொண்டு வா என்றது. இரண்டு மாதத்தில் பசளை நின்றது.

செடி உடனே சாகாது. பழைய பசளையின் தெம்பில் கொஞ்ச நாள் ஓடும். அதைப் பார்த்துத்தான் பலர் ஏமாந்தார்கள். 2021இல் நாட்டுக்குத் தேயிலை ஏறக்குறைய 30 கோடி கிலோ வந்தது, முந்தின வருஷத்தைவிடக் கூடுதலாகவே. அடுத்த வருஷம் 25 கோடிச் சொச்சத்துக்கு விழுந்தது. மலையில் இருந்தவர்களுக்கு அந்தப் புள்ளிவிவரத்துக்கு முன்பே விரல் சொல்லிவிட்டது. கொழுந்து குட்டையாகி, இலை வெளுத்து, வங்கி இலை (துளிர் அடைத்துப்போய் வளராமல் நிற்பதை அப்படித்தான் சொல்வோம்) கூடிப்போனது. களைநாசினியும் இல்லாததால் புல் இடுப்பளவுக்கு ஏறியது, அதற்குள் அட்டையும் குளவிக் கூடும். புல்லை விலக்கிக்கொண்டு எடுக்கிற நேரத்தில் கிலோ எங்கே வரும்?

ஒருநாள் மத்தியானம் என் மனைவிக்குச் சோறு கொண்டுபோனேன். தராசடியில் வரிசை நின்றது. அவள் கூடையைக் கொக்கியில் மாட்டினாள். கணக்கப்பிள்ளை முள்ளைப் பார்த்து எண் சொன்னார். தண்ணிக்கு இரண்டு கிலோ கழிவு. காலையிலிருந்து மழைத்தூறல், இலை ஈரம் என்பது சரிதான். ஆனால் கழித்து எழுதினபோது அவள் முகத்தைப் பார்த்தேன். வாயைத் திறக்கவில்லை, கூடையை உதறிக்கொண்டு நகர்ந்தாள். அடுத்து நின்ற பெண் சண்டை போட்டாள், அவளுக்கும் அதே கழிவுதான். சாயங்காலம் அரைப்பேர். அந்த மாதச் சம்பளச் சீட்டில் அரைப்பேர்கள் வரிசையாக இருந்தன, கடைக் கடன் வெட்டியது போக மிச்சம் என் பென்ஷனைவிடக் குறைவு. அதற்கு முந்தின மாதங்களில் ஞாயிறு வேலைக்குக் கிடைக்கும் கைக்காசும் சேர்த்து அவள்தான் என்னைவிட அதிகம் கொண்டுவருவாள், அதைச் சொல்லிக் காட்டவும் செய்வாள். அந்த மாதம் சொல்லிக் காட்டவில்லை.

பிறகு நடந்தது ஊருக்கே தெரியும். சீனாவிலிருந்து சேதனப் பசளைக் கப்பல் வந்து, அதில் கெட்ட பக்டீரியா இருக்கிறது என்று நம் தாவரத் தொற்றுக்காப்பு நிலையம் சொல்லி, இறக்காமலே 67 லட்சம் டொலர் கொடுத்துத் தீர்த்தார்கள். டொலர் மிச்சம் பிடிக்கத் தொடங்கிய காரியத்தில் டொலர் போனது இப்படி. இந்தியாவிலிருந்து நானோ நைதரசன் போத்தல் வந்தது. மரக்கறிக்காரர்களுக்கு மூட்டையில் வந்த உள்ளூர் எருவை நான் பார்த்தேன், கண்ணாடித் துண்டும் பொலித்தீனும் கலந்த நகரசபைக் குப்பை. அதைக் கூட்டெரு என்று எழுதி விற்றார்கள். சந்தைப் பையன் சிரித்தது அதைப் பார்த்துத்தான். நவம்பர் 24ஆம் திகதி தடையை எடுத்தபோது உலகச் சந்தையில் யூரியா விலை ஏறிக் கிடந்தது, வாங்கக் காசும் இல்லை.

அப்புறம் 2022. கேஸ் கியூ, மண்ணெண்ணெய்க் கியூ, பாண் விலை. ஜூன் மாதத்தில் அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். எனக்கு அந்த நாட்களில் நல்ல மவுசு. முன்பு பூங்காவுக்கு வந்தால் செருப்பு அழுக்காகும் என்று புல்லில் இறங்காத ஐயாமார்கூட ஆள் அனுப்பிக் கோவா நாற்று கேட்டார்கள். கொடுத்தேன். ஒருவர் பூச்சட்டியில் உருளைக்கிழங்கு வைத்துவிட்டு, இலை வாடுகிறது என்று வாரத்துக்கு ஒருதரம் போனில் கூப்பிட்டார். தண்ணீர் குறையுங்கள் என்றால், குறைத்தால் வாடாதா என்று கேட்பார். மகன் விடுமுறை கிடைக்கிற நாளெல்லாம் கொழும்புக் காலிமுகத்திடலில், ஜனாதிபதியை வீட்டுக்குப் போகச் சொன்ன போராட்டத்தில் இருந்தான். ஜூலை 9ஆம் திகதி ஜனாதிபதி மாளிகைக்குள் சனம் புகுந்ததை டீவியில் பார்த்து அவன் அம்மா பயந்து அழுதாள். அவன் நடுராத்திரியில் போன் பண்ணி, "அம்மா, உள்ள நீச்சல் குளம் இருக்கு" என்று மட்டும் சொன்னான்.

ஓட்டு

எங்கள் அப்பாவுக்கு ஓட்டு இருந்ததில்லை. 1948 குடியுரிமைச் சட்டத்தில் நாடற்றவராகி, கையில் ஒரு கடதாசியும் இல்லாமலே கண்ணை மூடினார். நான் ஹக்கலையில் நாட்கூலியாக நுழைந்தபோது எனக்கும் இல்லை. 1988இல் வந்த சட்டத்துக்குப் பிறகுதான் பிரஜாவுரிமை, அதன் பிறகுதான் நிரந்தர வேலை. அதனால் ஓட்டுப் போடுகிற நாளில் நான் வெள்ளைச் சட்டை போடுவேன், மகன் கேலி பண்ணுவான். என் மனைவி தொழிற்சங்கக் குடும்பம், சின்ன வயதிலிருந்து இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸின் சேவல் சின்னம்தான். ஆனால் 2019இல் சேவல் கோட்டாபயவுக்குப் போடச் சொன்னபோது எங்கள் மாவட்டம் எதிரே நின்ற சஜித்தின் அன்னத்துக்குப் போட்டது. அவள் யாருக்குப் போட்டாள் என்று இன்றுவரை சொல்லவில்லை. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தியின் திசைகாட்டி மட்டக்களப்பைத் தவிர எல்லா மாவட்டமும் அள்ளியது, நுவரெலியாவும் சேர்த்துத்தான். மகன் துள்ளினான். நானும் அதற்கே போட்டேன், சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. ஆனால் மகனைப் போல் நம்பிக்கொண்டு போடவில்லை. பழையவர்களுக்கு மறுபடியும் போட மனசு வரவில்லை, அதுதான் காரணம்.

பசளைத் தடையை ஒரு மனிதனின் முட்டாள்தனமாக முடித்துவிடுவதில் எல்லாக் கட்சிக்கும் ஒரு வசதி இருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த ஆள் ஓடிவிட்டார், கதை முடிந்தது. ஆனால் மலையைப் பற்றி முடிவெடுக்கிற முறை மாறியதா? இப்போதும் தேயிலை என்றால் ஏற்றுமதி வருமானம், கிலோ, ஏல விலை. 2015இல் கிளைபோசேட் என்கிற களைநாசினியைத் தடை செய்து, பிறகு தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் திறந்துவிட்டபோதும் புல் வெட்டுகிறவர்களைக் கேட்கவில்லை. தடை போட்டபோதும் கேட்கவில்லை, எடுத்தபோதும் கேட்கவில்லை. மருந்தடிக்கிறவனுக்கு ஒரு நல்ல முகமூடி கொடுங்கள் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையல்லவா நான் சூழல் அரசியல் என்பேன்.

வீட்டுத்தோட்டத்துக்கு நான் இன்றைக்கும் எருதான் போடுகிறேன். லீக்ஸுக்கு மட்டும் நடுவில் ஒருதரம் கைப்பிடி யூரியா, அதுவும் மண்ணைக் கிளறி மூடி. மகனுக்கு இது பிடிக்கவில்லை, கொள்கை இல்லாத ஆள் என்கிறான். சந்தைப் பையனுக்கு எருவே பிடிக்கவில்லை. இருவரும் அந்த லீக்ஸைத் தின்கிறார்கள்.

2026ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாள் சம்பளத்தை 1,350இலிருந்து 1,550 ஆக்கி, அதற்கு மேல் வருகைக்கு 200 ரூபாய் அரசாங்கமே கொடுக்கும், ஆக 1,750 என்று அறிவித்தார்கள். மகன் உடனே போன் பண்ணினான். ஸ்பீக்கரில் போட்டேன். அவன் சந்தோஷமாக விளக்கிக்கொண்டே போனான். இவள் கேட்டுவிட்டு, "நல்லதுப்பா. மழைக்கு அரைப்பேர் போட்டா அந்த எரநூறு முழுசா வருமா, நூறா வருமா? அதக் கேட்டியா?" என்றாள். விசாரித்துச் சொல்கிறேன் என்றான். இன்னும் சொல்லவில்லை.